பொருள் பாதி, பொருத்துவது பாதி

புது கார் எடுத்த யாரும் எங்கள் கடைக்கு வெறுங்கையோடு வருவதில்லை. கையில் ஒரு பட்டியல் இருக்கும். மச்சான் சொன்னது, அபார்ட்மெண்டில் பக்கத்து வண்டிக்காரர் சொன்னது, யூடியூபில் பார்த்தது எல்லாம் அதில் கலந்து கிடக்கும். சீட் கவர், மேட், டோர் வைசர், க்ரோம் கைப்பிடி, ஆம்பியன்ட் லைட், ஸ்டியரிங் கவர், பின்னால் ஒரு ஸ்பாய்லர். பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு, "வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு சார்?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஷோரூமிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து எங்கள் கடைக்கும் ஓடியிருக்கும். பானெட்டில் போட்ட மாலைகூட வாடியிருக்காது. "இப்போதைக்கு மேட் மட்டும் போட்டுக்கிட்டுப் போங்க. ஒரு மாசம் ஓட்டுங்க. எது தொந்தரவா இருக்குன்னு அப்பத் தெரியும். அதுக்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்புவேன்.

வந்த வியாபாரத்தை இப்படி விரட்டுகிறாயே என்று பக்கத்துக் கடைக்காரர்கள் திட்டுவார்கள். சிலர் போய்விடுவதும் உண்மைதான். நாலு கடை தள்ளி அதே பட்டியலை அரை நாளில் மாட்டிக்கொண்டு, எனக்கு ஹாரன் அடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆனால் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருபவரின் பேச்சே வேறு. "மத்தியானம் உட்கார்ந்தா சீட் கொதிக்குது." "பின்னாடி பாப்பா மூஞ்சில வெயில் அடிக்குது." "பேஸ்மெண்ட்ல ரிவர்ஸ் எடுத்தா தூண் தெரியல." இப்படி வருபவருக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாயிலேயே வண்டி வேறாகிவிடும். பட்டியல்காரர் முப்பதாயிரம் கொட்டிய பிறகும் பாப்பா மூஞ்சியில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும்.

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தொழில் பழகியவன் நான். ஜி.பி. ரோடு என்றால்தான் பலருக்குப் புரியும். கழற்றிய பழைய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை, புதிதாக எதையாவது மாட்ட வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு என்பது சென்னைக்காரர்களுக்குப் பாடம். இங்கே ஒர்க்‌ஷாப் என்று தனியாக ஒன்றும் கிடையாது. வண்டி ரோட்டோரம் நிற்கும். டாஷ்போர்டுக்கு அடியில் தலையும் வெயிலில் காலுமாக ஒரு பையன் மல்லாந்து கிடப்பான். தொண்ணூறுகளில் அந்தப் பையன் நான். அம்பாசடர், பத்மினி, அதைவிட அதிகமாக மாருதி 800. வண்டிகளில் அப்போது ஒன்றுமே இருக்காது. ரேடியோகூட இல்லாமல் வரும் வண்டிக்கு எதை மாட்டினாலும் வீட்டுக்காரர்கள் முகம் மலரும்.

கடை முதலாளியை நாங்கள் பாய் என்போம். அவர் கல்லாவில் உட்கார்ந்ததைவிட வண்டிக்குள் குனிந்திருந்த நேரம் அதிகம். அவருடைய சட்டம் ஒன்றே ஒன்று. "கம்பெனி வயர்ல கட்டிங் பிளேயர் வைக்காதடா." வண்டியோடு வந்த வயரை வெட்டி, தோலைச் சீவி, இன்னொரு வயரை முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றிவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்துவிடும். சென்னை வெயிலில் அந்த டேப்பின் பசை உருகி வழியும். ஆறு மாதத்தில் டேப் அவிழும், செம்பு வெளியே தெரியும், எங்கேயாவது பாடியில் உரசும். மலிவான பொருள் வண்டிக்குச் செலவு வைப்பது இந்த இடத்தில்தான். இன்றைக்கு ஒவ்வொரு மாடலுக்கும் கப்ளர் கிடைக்கிறது. ஒரு முனை வண்டியின் சாக்கெட்டில், மறு முனை நாம் மாட்டும் பொருளில்; எதையும் வெட்ட வேண்டாம். முன்னூறு நானூறு ரூபாய் கப்ளருக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, வாரண்டியைக் கோட்டைவிட்டவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

எனக்குப் பிடித்த வேலை பாட்டுதான். குறைந்த செலவில் அதிக சந்தோஷம் தருவதும் அதுவே. ஆனால் ஏமாற்று வேலை அதிகம் நடப்பதும் அதில்தான். ஸ்டீரியோ வாங்க வருபவர் அட்டைப்பெட்டியைத் திருப்பி வாட்ஸ் பார்ப்பார். 1,200 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நான் செட்டைத் திருப்பி, பின்னால் இருக்கும் ஃப்யூஸைப் பிடுங்கிக் காட்டுவேன். 10 ஆம்பியர் என்று அதிலேயே எழுதியிருக்கும். பேட்டரி 12 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 120 வாட்ஸ். இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்துக்கொண்டாலும் 140. உள்ளே போவதே அவ்வளவு என்றால், வெளியே 1,200 எங்கிருந்து வரும்? பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும் எண்ணை விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதைப் பாருங்கள். அதைப் போடாத கம்பெனியின் பெட்டியைக் கீழே வையுங்கள்.

வண்டியோடு வந்த செட் நன்றாகத்தான் இருக்கும். கதவில் இருக்கும் ஸ்பீக்கர்தான் சவசவ என்று இருக்கும். கம்பெனி கணக்குப் பார்க்கும் இடம் அது. மெல்லிய காகிதக் கூம்பு, பின்னால் பொத்தான் மாதிரி ஒரு காந்தம். பெரிய திரை வைத்த ஆண்ட்ராய்டு செட்டுக்குப் பத்தாயிரம் எடுத்து வைத்திருப்பவரிடம், அதில் கால் பங்குக்கு முன் கதவு இரண்டிலும் ஆறரை அங்குல ஸ்பீக்கர் மாற்றிப் பாருங்கள், அப்புறம் செட்டைப் பற்றிப் பேசலாம் என்பேன். கதவுத் தகரத்தின் உட்புறம் டேம்பிங் ஷீட் ஒட்டினால் இன்னும் நல்லது. தகரம் அதிர்வது நிற்கும், கதவைச் சாத்தும்போது 'டொப்' என்று கனமான சத்தம் வரும். பாட்டில் வந்த மாற்றத்தைவிட அந்தச் சத்தத்துக்கு மயங்குபவர்கள் அதிகம்.

ஸ்பீக்கர் மாட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ப்ளஸ், மைனஸ் மாறினால் ஸ்பீக்கர் கெடாது, பாட்டும் கேட்கும். ஆனால் ஒரு கதவில் சரியாகவும் மறு கதவில் மாறியும் இருந்தால் ஒரு கூம்பு முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். இளையராஜா பாட்டைப் போட்டால் வயலின் இருக்கும், குரல் இருக்கும், பேஸ் கிடார் மட்டும் காணாமல் போயிருக்கும். "புது ஸ்பீக்கர் போட்டும் பழசு மாதிரியே இருக்கு" என்று வேறு கடையிலிருந்து வருபவர்களின் வண்டியில் பாதிக்கு மேல் இதுதான் கோளாறு. வயர் நிறம் குழப்பமாக இருந்தால் கடிகாரத்துக்குப் போடும் ஒன்றரை வோல்ட் பேட்டரியை எடுத்து, ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் ஒரு நொடி தொட்டுப் பார்ப்போம். கூம்பு வெளியே எம்பினால் பேட்டரியின் ப்ளஸ் தொட்ட முனைதான் ப்ளஸ். உள்ளே போனால் மைனஸ்.

செட்டின் பின்னால் இரண்டு வயர்கள் முக்கியம். மஞ்சளில் எப்போதும் மின்சாரம் இருக்க வேண்டும். கடிகாரமும் நீங்கள் பதிந்துவைத்த ரேடியோ ஸ்டேஷன்களும் அதை நம்பித்தான் இருக்கின்றன. சிவப்பில் சாவி திருப்பினால்தான் மின்சாரம் வர வேண்டும். அவசரக்காரப் பையன்கள் சாவி வயரைத் தேட அலுத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். பாட்டு பிரமாதமாகப் பாடும். ஊருக்குப் போய் நாலு நாள் வண்டியை நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம்தான் வரும். பேட்டரிக்காரரைத்தான் எல்லோரும் திட்டுவார்கள், பாவம்.

பழைய வண்டி, செட் மாற்ற மனமில்லை, போனில் இருக்கும் பாட்டு மட்டும் கேட்டால் போதும் என்பவர்களுக்கு சிகரெட் லைட்டரில் செருகும் ப்ளூடூத் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும். போனிலிருந்து வாங்கி, வண்டி ரேடியோவுக்குள் ஒரு எஃப்.எம். ஸ்டேஷனாக அனுப்பும். இரைச்சலாக இருக்கிறது என்று தூக்கிப்போட்டவர்கள் பலர். அலைவரிசையைச் சரியாக வைத்தால் இரைச்சல் வராது. சென்னையில் 93.5இல் சூரியன், 98.3இல் மிர்ச்சி, 101.4இல் வானொலியின் ரெயின்போ, 106.4இல் ஹலோ என்று வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. இந்தப் பொடிப் பெட்டி அவற்றின் பக்கத்தில் நின்று கத்தினால் யாருக்குக் கேட்கும்? 87.5, 88 பக்கம் கொண்டுபோய் வையுங்கள். வெளியூர் போகும்போது இரைந்தால் கொஞ்சம் நகர்த்துங்கள். அவ்வளவுதான்.

வெயிலுக்கு வருகிறேன். 2012 ஏப்ரல் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மே 4 முதல் நடைமுறை. கத்திரி வெயில் தொடங்கும் நேரத்தில் வந்த தீர்ப்பு. வருஷக்கணக்கில் ஃபிலிம் ஒட்டிப் பிழைத்த பையன்கள் அந்த மாதம் முழுக்க அதைச் சுரண்டிப் பிழைத்தார்கள். ஒட்டியதைவிட உரிப்பதற்கு நேரம் அதிகம். சோப்புத் தண்ணீர் அடித்து, ஊறவிட்டு, ஓரத்தில் பிளேடு போட்டு மெல்ல இழுக்க வேண்டும். பின் கண்ணாடியில் பனி நீக்குவதற்காக வரிவரியாக ஓடும் மெல்லிய கம்பிகளில் பிளேடு பட்டால் அந்த வரி செத்தது. ஊரெல்லாம் அவசரத்தில் சுரண்டியதில் பல வண்டிகளுக்கு அது போயிற்று. சென்னையில் டீஃபாகரைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால் பாதிப் பேருக்கு இன்றுவரை தெரியாது.

விதி என்னவோ, முன் பின் கண்ணாடியில் 70 சதவீத வெளிச்சமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீத வெளிச்சமும் உள்ளே போக வேண்டும் என்பதுதான். இந்த அளவுக்குள் இருக்கும் ஃபிலிமை ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024இல் சொன்ன பிறகு மறுபடியும் ஃபிலிம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். வழியில் நிறுத்தும் காவலரிடம் தீர்ப்பை எடுத்துச் சொல்லி வாதாடப் பொறுமை இருந்தால் ஒட்டுங்கள் என்பேன். இல்லாவிட்டால் மாடலுக்கென்றே வெட்டிய காந்த வலைத் திரை போதும். கதவுத் தகரத்தின் ஓரத்தில் தானாகப் பிடித்துக்கொள்ளும். வேண்டாதபோது கழற்றி மடித்துவிடலாம். பின் சீட்டுக்கு மட்டும். ஓட்டுபவரின் பக்கக் கண்ணாடிக்கும் அதையே கேட்பவர்களுக்கு நான் விற்பதில்லை. வண்டி நிற்கும்போது முன் கண்ணாடிக்குள் விரிக்கும் வெள்ளித் தகடு போன்ற ஷேடு, எங்கள் கடையில் விலை குறைந்த பொருட்களில் ஒன்று. அதை விரித்துவிட்டுப் போனவர் ஸ்டியரிங்கைத் தொட கைக்குட்டை தேட வேண்டியதில்லை. மே மாதத்தில் இதைவிட லாபமான பொருள் எனக்குத் தெரியாது. வாங்குபவருக்கு லாபம், எனக்கு இருபது ரூபாய்.

சீட் கவரில் ரெக்சினைத்தான் எல்லோரும் கேட்பார்கள். பளபளவென்று இருக்கும், துடைத்தால் போதும், உண்மை. ஆனால் கறுப்பு ரெக்சினில் சித்திரை மாதம் அரைக்கை சட்டையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். நாள் முழுக்க வண்டியில் கிடக்கும் டாக்ஸி டிரைவர்கள் துண்டுத் துணி கவர்தான் போடுவார்கள். வியர்வையை உறிஞ்சும், வாரம் ஒருமுறை துவைத்துக்கொள்ளலாம். அவர்களைவிடப் பெரிய நிபுணர் இந்த விஷயத்தில் யாருமில்லை. இப்போது வரும் வண்டிகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முன் சீட்டின் வெளிப்பக்கத் தையல் ஓரத்தில் சின்னதாக 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்று ஒரு துணித் துண்டு தைத்திருந்தால், மோதும்போது அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் பை வெளியே வரும். அதன் மேல் தடித்த கவரை இழுத்துப் பூட்டினால் பை வரும் வழி அடைபடும். அந்தப் பக்கம் திறந்துவிட்டோ, எளிதில் பிரியும் தையல் போட்டோ கவர் வருகிறது. கேட்டு வாங்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் எடுத்துக் காட்டப் போவதில்லை.

மேட்டைச் சாதாரணமாக நினைப்பவர்களுக்கு நான் ஒரு கதை சொல்வதுண்டு. 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே ஒரு லெக்சஸ் கார் நிற்காமல் பறந்து மோதி நான்கு பேர் இறந்தார்கள். வேறு மாடலுக்கான ரப்பர் மேட்டை அதில் போட்டிருந்தார்கள். அது ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டது. அடுத்த மாதமே டொயோட்டா சுமார் 38 லட்சம் வண்டிகளின் மேட்டை எடுத்துவிடச் சொன்னது. நம் ஊரில் ஒரு மேட்டின் மேல் இன்னொன்று, அது நனையாமலிருக்க அதன் மேல் ஒரு நூடுல்ஸ் மேட் என்று மூன்றடுக்கு போடுபவர்கள் இருக்கிறார்கள். டிரைவர் பக்கம் ஒரே மேட்தான், அதுவும் தரையில் இருக்கும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். மாட்டிய பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்து விட்டுப் பாருங்கள். எதிலும் உரசாமல் திரும்பி வர வேண்டும்.

ஹெட்லைட்டுக்கு வந்தால், ஹாலஜன் எச்4 பல்பு டிம்மில் 55 வாட்ஸ், பிரைட்டில் 60 வாட்ஸ். விழுப்புரம் தாண்டி ராத்திரியில் ஓட்டுபவர்கள் 100/90 பல்பு கேட்பார்கள். பல்பைப் போட ஒரு நிமிடம். ஆனால் வண்டியின் வயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல. ஹோல்டர் பழுப்பாகி, இளகி, பல்போடு ஒட்டிக்கொள்ளும். எதிரே வருபவன் கண் கூசுவது தனி. சட்டப்படியும் தப்பு. அதற்குப் பதிலாக அதே 60/55 பல்புக்கு ரிலே கிட் போட்டுத் தருவேன். பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸ் வழியாக, தடித்த வயரில் மின்சாரம் வரும். ஸ்விட்ச் வேலை ரிலேயை இயக்குவது மட்டும்தான். பழைய வண்டியில் வழியிலேயே செத்துக்கொண்டிருந்த வோல்ட் முழுசாகப் பல்புக்குப் போய்ச் சேரும். மஞ்சளாகிப் போன ஹெட்லைட் பிளாஸ்டிக்கையும் பாலிஷ் போட்டுவிட்டால் "பல்ப் மாத்தினீங்களா?" என்று கேட்பார்கள். ஹாரனும் அப்படித்தான். ஒற்றை ஹாரன் 'பீ' என்று ஸ்கூட்டர் மாதிரி அழும் வண்டிக்கு ஹை, லோ என்று ஜோடியாக கோயம்புத்தூர் ரூட்ஸ் ஹாரன் போட்டால் காருக்குரிய குரல் வந்துவிடும். பாட்டுப் பாடும் ஹாரன், பல சுருதி ஹாரன் கேட்டு வரும் தம்பிகளுக்கு, அபராத ரசீதும் பாடும் என்று சொல்லி அனுப்புகிறேன்.

முன்னால் மாட்டும் இரும்பு கார்டு ஒரு காலத்தில் எங்கள் தெருவுக்கே சோறு போட்டது. 2017 டிசம்பரில் மத்திய அரசு அது கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. காரணம் சரியானது. பம்பர் நசுங்குவதற்கென்றே செய்தது. அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னால் சேஸிஸோடு போல்ட் போட்டு முறுக்கிய இரும்பை வைத்தால் அடி நேராக உள்ளே வரும், ஏர்பேக் சென்சாரும் குழம்பும், குறுக்கே வந்தவனுக்கு எலும்பும் மிஞ்சாது. தவிர, வண்டியின் மூல அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. இன்றும் கேட்கிறார்கள். கழற்றிப் போட்டதெல்லாம் எடைக்குப் போயிற்று என்பேன்.

ரிவர்ஸ் சென்சார் 2019 ஜூலை முதல் புது வண்டிகளில் கட்டாயமாகிவிட்டதால் எனக்கு அந்த வேலை பழைய வண்டிகளில்தான். செய்வதைப் பார்க்க ஆசையாக இருக்கும். பம்பரைத் துடைத்து, மாஸ்கிங் டேப்பை நீளமாக ஒட்டி, தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே ஒரே மட்டத்தில் நான்கு புள்ளி வைப்போம். கிட்டோடு வரும் வட்ட ரம்பத்தை டிரில்லில் மாட்டி, மெதுவாக, அழுத்தாமல் சுற்ற விட வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி ஓட்டையின் ஓரம் பிசிறு தட்டும். வண்டிக்காரர் அப்போது பக்கத்தில் நிற்காமல் டீக்கடைக்குப் போய்விடுவார், பார்க்கத் தாங்காது. சென்சாரின் பின்னால் மேல் பக்கம் எது என்று அம்புக்குறி இருக்கும். அதைக் கவனிக்காமல் தலைகீழாகச் செருகினால் தரையைப் பார்த்தே கத்திக்கொண்டிருக்கும். "என் வண்டி காலி கிரவுண்ட்லயும் கத்துது பாய்" என்று வருபவர்களுக்கு நாங்கள் செய்வது, சென்சாரைத் திருப்பிச் செருகுவது மட்டுமே.

டாஷ்போர்டு சாமிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, 786, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை என எல்லோருக்கும் எங்கள் கடையில் இடம் உண்டு. எங்கே ஒட்டுவது என்பதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். இடப்பக்க டாஷ்போர்டில் ஏர்பேக் மூடி இருக்கும் இடத்தில் ஒட்டவே மாட்டேன். கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும் பையின் முன்னால் அரைக் கிலோ பித்தளைப் பிள்ளையார் இருந்தால் அவர் போய் நிற்கும் இடம் முன்சீட்டில் இருப்பவரின் முகம். "நடுவுல, ஏசி வென்ட்டுக்கு மேல வைக்கலாம்மா, சாமிக்கும் குளுகுளுன்னு இருக்கும்" என்றால் வீட்டம்மாக்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்கள் ஒத்துக்கொண்டால் போதும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கடைக்கு வந்த வண்டிகள் எங்கள் தொழிலுக்குப் பெரிய பாடம் எடுத்தன. தரை அழுக்காகக் கூடாது என்று கார்பெட்டின் மேல் முழு நீளத்துக்கு ஒட்டிய வினைல் ஃப்ளோரிங் அப்போது அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு மேலே காய்ந்த மாதிரி இருக்கும். வினைலைத் தூக்கினால் அடியில் கார்பெட் சொதசொதவென்று, குப்பென்று நாற்றத்தோடு, வயர் கட்டுகள் பச்சை பூத்துக் கிடந்தன. தரைத் தகரம் துருவேற அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அன்றிலிருந்து அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை; தூக்கி உதறக்கூடிய மேட் போதும். மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வண்டியை ஏற்றி நிறுத்துகிறவர்கள் இன்று கேட்டு வாங்கும் பொருள் கண்ணாடி உடைக்கும் சுத்தியல். ஒரு முனையில் எஃகு முள், மறு முனையில் பெல்ட் வெட்டும் பிளேடு. சுமார் இருநூறு ரூபாய். இது பக்கக் கண்ணாடிக்குத்தான். முன் கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடியிலும் நடுவில் அடிக்காமல் மூலையில் அடிக்க வேண்டும். வாங்கியவர்கள் அதை டிக்கியில் பத்திரமாக வைத்துவிடுகிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கைக்கு எட்டாவிட்டால் அது எதற்கு?

டிக்கியில் வைக்க வேண்டியவை வேறு. 12 வோல்ட்டில் ஓடும் காற்றடிக்கும் பம்பு, டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட், ஜம்ப் கேபிள், ஒரு டார்ச். எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குப் பக்கம். பஞ்சர் போடத் தெரியாதவருக்குக்கூட பம்பு உதவும். ஆணி குத்திய டியூப்லெஸ் டயரில் ஆணியைப் பிடுங்காமல் காற்றை மட்டும் ஏற்றிக்கொண்டு அடுத்த பஞ்சர் கடைவரை போய்விடலாம். குடும்பத்தோடு ரோட்டோரத்தில் ஜாக்கியைத் தேடும் கொடுமை இல்லை.

வாங்கவே கூடாதது ஒன்று உண்டு. லைட்டர் சாக்கெட்டில் செருகினால் மைலேஜ் கூடும் என்று விற்கும் பிளக். ஒரு முறை கடைப் பையன்களோடு சேர்ந்து அதைப் பிளந்து பார்த்தோம். ஒரு பச்சை எல்.இ.டி., ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர். எரிவதற்கு மட்டும்தான் வேலை. அதே காசுக்கு ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. சாக்கெட்டில் செருகும் ப்ளூடூத் ரீடர் கிடைக்கும். செக் இன்ஜின் விளக்கு எரிந்தால் என்ன கோடு என்று போனில் பார்த்துக்கொள்ளலாம். மெக்கானிக்கிடம் போகும்போது கொஞ்சம் தெம்பாகப் போகலாம்.

இப்போது கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் பொருளோடு வருகிறார்கள். ஆன்லைனில் வாங்கிவிட்டு, மாட்டிக் கொடுங்கள் என்கிறார்கள். முதலில் வயிறு எரிந்தது, இப்போது பழகிவிட்டது. அதிலும் டேஷ் கேமரா அதிகம். கேமராவைக் கண்ணாடியில் ஒட்ட ஒரு நொடிதான். அங்கிருந்து ஃப்யூஸ் பெட்டிவரை வயரைக் கொண்டுவருவதில்தான் வேலை இருக்கிறது. கூரைத் துணியின் ஓரத்தில் செருகி, முன் கண்ணாடித் தூணின் பிளாஸ்டிக்கைக் கழற்ற வேண்டும். கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் அந்தத் தூணுக்குள் பை சுருட்டி வைத்திருக்கும். அதன் முன்னால் வயரை விட்டால் பை விரியும்போது வயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து முகத்தில் பாயும். பைக்குப் பின்னால் நுழைத்து, கம்பெனி வயர்க் கட்டோடு சேர்த்து டேக் போட்டு, கீழே ஃப்யூஸ் பெட்டியில் எதையும் வெட்டாமல் ஃப்யூஸ் டேப் என்ற இணைப்பியில் செருக வேண்டும். முக்கால் மணி நேரமாவது ஆகும்.

போன வாரம் ஒருவர் அப்படித்தான் பெட்டியோடு வந்தார். வேலை முடிந்து கூலியைச் சொன்னதும் முகம் சுருங்கியது. "கேமராவே ரெண்டாயிரத்துச் சொச்சம். ஒரு வயரை மாட்ட இவ்வளவா பாய்?" பாய் என்று அவர் கூப்பிடும் அளவுக்கு என் தாடியும் நரைத்துவிட்டது, கல்லாவும் மாறி என்னிடம் வந்துவிட்டது.

"வயர் எங்க போகுதுன்னு காட்டுங்க சார்" என்றேன்.

குனிந்து நிமிர்ந்து பார்த்தார். தூணைத் தடவிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"அதுக்குத்தான் சார் காசு."

சிரித்தார். ஐம்பது ரூபாய் குறைத்துக்கொண்டுதான் கொடுத்தார்.